பனியன் நிறுவனத்துக்குக் கணினி வாங்குமுன்

திருப்பூரில் அலுவலகப் பிரிவில் பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு பின்னலாடை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். கணினி வேண்டும் என்றதும் கடைக்காரரிடம் "பத்து சிஸ்டத்துக்குக் கொட்டேஷன் கொடுங்கள்" என்று கேட்பதே பெரும்பாலும் வழக்கம். பத்தும் ஒரே வகையில் வந்து இறங்கும். அது கணக்காளருக்குத் தேவைக்கு அதிகமாகவும், மார்க்கர் (துணியில் வெட்ட வேண்டிய துண்டுகளை அடுக்கிக் காட்டும் வரைபடம்) போடுபவருக்குப் போதாமலும் இருக்கும். ஆகவே விலை கேட்பதற்கு முன், ஒவ்வொரு மேசையிலும் எந்த மென்பொருள் ஓடுகிறது, ஒரே நேரத்தில் எத்தனை கோப்புகள் திறந்திருக்கின்றன என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும்.

டாலி என்ற கணக்கு மென்பொருள், எக்செல், ஜிஎஸ்டி தளம் ஆகியவற்றோடு நின்றுவிடும் கணக்குப் பிரிவுக்கு ஐ3 அல்லது ரைசன் 3 செயலியும் 8 ஜிபி ரேமும் போதும். பையரின் (ஆடை வாங்கும் நிறுவனத்தின்) மின்னஞ்சல்கள், ஆடையின் அளவும் விவரமும் அடங்கிய டெக் பேக் கோப்புகள், இருபது உலாவித் தாவல்கள் என எல்லாவற்றையும் திறந்துவைத்திருக்கும் மெர்ச்சண்டைசருக்கு (ஆர்டர்களைக் கவனிப்பவருக்கு) 16 ஜிபி ரேம் தேவை. அவருக்கு விலை உயர்ந்த செயலியைக் காட்டிலும் இரண்டாவது திரையே அதிகம் உதவும் என்பது என் கருத்து. பேட்டர்ன், மார்க்கர் பிரிவில் மட்டும் கடைக்காரரின் யோசனையை நம்பாமல், அங்கே பயன்படும் கேட் (CAD, கணினிவழி வடிவமைப்பு) மென்பொருளை விற்றவரிடமே எந்த விண்டோஸ் பதிப்பு, எந்த கிராபிக்ஸ் அட்டை, பழைய டோங்கிளும் (மென்பொருளின் உரிமத்துக்கான யுஎஸ்பி சாவி) பிளாட்டரும் (பெரிய தாளில் மார்க்கரை வரையும் கருவி) புதிய கணினியில் இயங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். பிரிண்ட் டிசைன் பார்ப்பவருக்கு, எந்தக் கோணத்திலும் நிறம் மாறாமல் காட்டும் ஐபிஎஸ் வகைத் திரை இன்றியமையாதது. மலிவான திரையில், தலையைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தாலே நிறம் வேறாகத் தெரியும். மடிக்கணினியை வெளியே செல்பவருக்கு மட்டும் வாங்கினால் போதும்.

எந்த மேசையாக இருந்தாலும் எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத, வேகமான சேமிப்பகம்) இல்லாத கணினியை வாங்கக் கூடாது. ரேமுக்குக் காலியாக ஒரு ஸ்லாட் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொண்டால், இரண்டு ஆண்டு கழித்துக் கணினியை மாற்றாமல் ரேமை மட்டும் கூட்டிக்கொள்ளலாம். வெளியிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் வழியாக உள்ளே வர வேண்டிய கணினிக்கு விண்டோஸ் ஹோம் பதிப்பு உதவாது. புரோ பதிப்பையே கேட்க வேண்டும்.

குறைந்த விலைக்குக் கிடைக்கும் பழைய கம்பெனிக் கணினிகளை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. ஆனால் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைச் செயலியாவது வேண்டும். "ஐ7" என்ற ஒட்டுவில்லையைப் பார்த்து ஆறாம் தலைமுறைக் கணினியை வாங்கிவிட்டு வருந்துபவர்கள் பலர்.

டாலித் தரவு இருக்கும் கணினியை வைஃபையில் விடாமல், கேபிள் வழியாக இணைத்து யுபிஎஸ்ஸின் கீழ் வைக்க வேண்டும். அதே யுபிஎஸ்ஸில் லேசர் பிரிண்டரை மாட்டக் கூடாது. தாளைச் சூடாக்கும் நொடியில் அது இழுக்கும் மின்சாரத்தைச் சிறிய யுபிஎஸ் தாங்காது. தரவின் நகல் ஒன்று நாள்தோறும் வேறொரு இடத்துக்குப் போக வேண்டும்.

திருப்பூருக்கே உரிய தொல்லை பஞ்சுத்தூசி. கட்டிங், பேக்கிங் பகுதிகளில் தரையில் வைக்கப்படும் கணினியின் விசிறி பஞ்சால் அடைபட்டு, செயலி சூடேறி வேகம் குறையும். அதைப் பலர் "வைரஸ்" என்று நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே கணினியை மேசைக்கு மேலே வைத்து, மாதம் ஒருமுறை புளோயரால் தூசியை ஊதி நீக்க ஆள் ஏற்பாடு செய்ய வேண்டும்.

உத்தரவாதத்தில் ஆண்டுக் கணக்கை மட்டும் பார்க்காமல், பழுது பார்ப்பவர் நிறுவனத்துக்கே வருவாரா, நாம் தூக்கிச் செல்ல வேண்டுமா என்று கேட்க வேண்டும். கப்பல் ஏற்றும் வாரத்தில் அந்த வேறுபாடு நன்றாகப் புரியும். பில்லில் நிறுவனத்தின் பெயரும் ஜிஎஸ்டி எண்ணும் இருந்தால்தான் 18 விழுக்காடு வரியை உள்ளீட்டு வரவாக (நாம் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக) எடுக்க முடியும். அப்படி எடுத்த வரித் தொகைக்குத் தேய்மானம் கோரக் கூடாது.

முதலில் இரண்டு கணினிகளை மட்டும் வாங்கி, சொந்தக் கோப்புகளோடு இரண்டு வாரம் ஓட்டிப் பார்த்த பிறகு மற்றவற்றுக்கு ஆர்டர் கொடுப்பது நல்லது. பழையவற்றை விற்கும்போது வன்தட்டுகளைக் கழற்றி வைத்துக்கொள்ள வேண்டும். பையரின் டிசைன்களும் விலைப்பட்டியல்களும் அவற்றில்தான் இருக்கின்றன.