டாக் மார்ட்டின்: ஏற்கெனவே பார்த்த எபிசோடை அப்பத்தாவோடு திரும்பப் பார்ப்பது எப்படி

டாக் மார்ட்டின் என்ற பிரிட்டிஷ் டிவி தொடர் மொத்தம் 79 எபிசோட். 2004-ல் ஆரம்பித்து 2022-ல் முடித்தார்கள், பத்து சீசன். பிடித்த தொடர் என்பதற்காக முதலிலிருந்து மறுபடி ஓட்டலாம் என்று உட்கார்ந்தீர்கள் என்றால் மூன்றாவது வாரம் எங்கோ நடுவில் விட்டுவிட்டு எழுந்து போய்விடுவீர்கள், நான் இரண்டு தடவை அப்படிப் போயிருக்கிறேன். ஒரே ஒரு எபிசோடை எடுத்துக்கொள்ளுங்கள், அதையே மூன்று நாள் பாருங்கள். சும்மா பொழுதுபோக்குக்குச் சொல்லவில்லை, பார்க்க ஒரு முறை இருக்கிறது.

தெரியாதவர்களுக்குக் கதை இவ்வளவுதான். லண்டனில் பெரிய அறுவை சிகிச்சை நிபுணர் ஒருவருக்குத் திடீரென்று ரத்தத்தைக் கண்டால் குமட்ட ஆரம்பித்துவிடுகிறது. கத்தியை வைத்துவிட்டு, சின்ன வயதில் லீவுக்குப் போய் வந்த கடலோரக் கிராமத்துக்குச் சாதாரண டாக்டராக வருகிறார். வைத்தியத்தில் கெட்டிக்காரர், ஆனால் வாயைத் திறந்தால் வசவு. தொடரில் ஊர்ப் பெயர் போர்ட்வென், அது கற்பனை. படம் பிடித்தது இங்கிலாந்தில் கார்ன்வால் பக்கம் போர்ட் ஐசக் என்ற நிஜ மீனவ ஊரில். டாக்டராக மார்ட்டின் க்ளூன்ஸ்.

எந்த எபிசோட்? யாராவது அந்தத் தொடர் பெயரைச் சொன்னதும் எந்தக் காட்சி உங்களுக்கு முதலில் கண் முன்னால் வருகிறதோ, அது இருக்கிற எபிசோட். ஆனால் தனியாக நிற்கிற எபிசோடாக இருக்கவேண்டும். நான்காவது சீசன் கடைசியில் பப்புக்குள் பிரசவம் நடக்குமே, அது அருமையான எபிசோட்தான், ஆனால் முன்கதை நாலு எபிசோட் சொன்னால்தான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குப் புரியும், அதனால் வேண்டாம். நான் எடுத்தது முதல் சீசனின் ஆறாவது, கடைசி எபிசோட். டாக்டருக்கு ரத்தம் என்றால் பயம் என்பது ஊருக்கே தெரிந்துபோய் ஆளாளுக்குக் கிண்டல் செய்கிற சமயத்தில், பள்ளிக்கூடத்துப் பையன் பீட்டருக்கு அடிபட்டு மண்ணீரல் கிழிந்துவிடுகிறது.

நேரம், இடம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போடுங்கள், மதுரை வெயிலில் பகல் முழுக்க ஃபேன் முழு வேகத்தில் ஓடும், அந்தச் சத்தத்தில் கார்ன்வால் ஆட்கள் பேசுவது ஒரு வார்த்தை பிடிபடாது. ஆங்கில சப்டைட்டில் கட்டாயம். எங்கள் ஊர் உசிலம்பட்டிக்கு அந்தப் பக்கம், கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது என்பதால் நான் முதலிலேயே இறக்கி வைத்துக்கொள்வேன். குடிக்கப் பருத்திப்பால். ஜிகர்தண்டா வாங்காதீர்கள், பாதி எபிசோடில் தூக்கம் வந்துவிடும்.

முதல் நாள் தனியாகப் பாருங்கள். பேசுகிறவரைப் பார்க்கக் கூடாது, பேசாமல் நிற்கிறவரைப் பார்க்கவேண்டும், அதுதான் விதி. கதை ஏற்கெனவே தெரியும், அதனால் கண்ணுக்கு வேறு வேலை கொடுக்கலாம். டாக்டர் துரத்தத் துரத்தக் காலைச் சுற்றிச் சுற்றி வருகிற நாய், எந்த வெயிலானாலும் மழையானாலும் கோட்டும் டையுமாக அந்த மேட்டுத் தெருவில் அவர் விடுவிடு என்று நடக்கிற நடை. ஐந்து நிமிடம் சத்தத்தை அணைத்துவிட்டும் பாருங்கள், க்ளூன்ஸ் முகத்தை வைத்தே முக்கால்வாசி நடிக்கிறார் என்பது அப்போதுதான் தெரியும்.

இரண்டாம் நாள் நோயைப் பாருங்கள். இந்தத் தொடரில் வியாதி சும்மா அலங்காரத்துக்கு வராது, துப்பறியும் கதையில் தடயம் விட்டு வைக்கிற மாதிரி முன்னாலேயே காட்டிவிடுவார்கள். முதல் எபிசோடிலேயே விமானத்தில் எதிரே இருக்கிற அந்த ஊர்ப் பள்ளிக்கூட டீச்சர் லூயிசாவின் கண்ணை டாக்டர் வெறித்து வெறித்துப் பார்ப்பார், அந்தப் பெண் எரிச்சலாகிவிடும், கடைசியில் பார்த்தால் அது கண் நீர் அழுத்த நோய். (மதுரைக்காரர்களுக்கு இதைச் சொல்லித் தரவேண்டியதில்லை. 1976-ல் 11 படுக்கையோடு இங்கே ஆரம்பித்த அரவிந்த் கண் ஆஸ்பத்திரியின் முகாம் போகாத கிராமம் இந்தப் பக்கம் எது?) ஆறாவது எபிசோடுக்கு நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது மண்ணீரல். இடது விலாவுக்கு அடியில் கைப்பிடி அளவுக்கு ஒளிந்திருக்கிற உறுப்பு அது, அடிபட்டால் உள்ளுக்குள்ளேயே ரத்தம் கசியும், வெளியே காயம் பெரிதாகத் தெரியாது, சில சமயம் கொஞ்ச நேரம் பிள்ளை நன்றாக இருப்பதுபோலவே இருக்கும். கசிந்த ரத்தம் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற உதரவிதானத்தை உறுத்தினால் வயிற்றை விட்டுவிட்டு இடது தோளில் வலி எடுக்கலாம். வீட்டில் மரம் ஏறி விழுகிற பிள்ளைகள் இருந்தால் இதை நினைவில் வையுங்கள். இதெல்லாம் தெரிந்த பிறகு, பீட்டரைக் காப்பாற்ற டாக்டர் போராடுகிற ஆம்புலன்ஸ் காட்சியைப் பாருங்கள், முதல் தடவை வாந்தி எடுக்கிறாரே என்று சிரித்த அதே இடத்தில் இந்தத் தடவை உங்களுக்கு நகம் கடிக்கத் தோன்றும்.

ரத்த பயமும் சும்மா கதைக்காகச் சொன்னதில்லை. மற்ற பயங்களில் நெஞ்சு படபடக்கும், மயக்கம் வராது. ரத்த பயத்தில் மட்டும் ரத்த அழுத்தம் முதலில் ஏறிவிட்டுத் திடீரென்று இறங்கும், ஆள் விழுவார். ஸ்வீடன் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1980-களில் இதற்கு ஒரு பயிற்சியைச் சொன்னார்: கை, கால், வயிற்றுத் தசைகளைப் பத்துப் பதினைந்து விநாடி முகம் சூடாகிற வரை இறுக்கி, அரை நிமிடம் போல விட்டு, மறுபடி இறுக்குவது. ஊசி போடும்போது தலை சுற்றுகிற என் தம்பிக்கு இதைச் சொல்லிக்கொடுத்தேன், உபயோகப்படுகிறது.

மூன்றாம் நாள்தான் அசல் விஷயம். ஆங்கிலம் தெரியாத ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, நீங்கள் தமிழில் சொல்லச் சொல்ல ஓட்டுங்கள். எனக்கு அப்பத்தா. வேண்டுமென்றால் நிறுத்தி நிறுத்தி ஓட்டலாம், முக்கால் மணி நேரச் சரக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும், பரவாயில்லை.

சொல்ல ஆரம்பித்த முதல் நிமிடத்திலேயே மாட்டிக்கொள்வீர்கள். டாக்டரின் உறவுக்கார அம்மா ஜோன், ஆங்கிலத்தில் வெறும் 'ஆன்ட்டி'. தமிழில் சித்தியா, பெரியம்மாவா, அத்தையா என்று முடிவு செய்யாமல் வாயைத் திறக்கவே முடியாது. ஜோன் டாக்டரின் அப்பாவுடைய அக்கா தங்கை முறை, ஆக அத்தை. அதைச் சொன்னதும் அப்பத்தாவுக்கு முழுப் படமும் விளங்கிவிட்டது. "அத்தைக்காரி பக்கத்துல இருந்துமா இந்தப் பய இப்பிடி மொறைச்சுக்கிட்டுத் திரியுறான்?"

அடுத்தது, ஊர்க்காரர்கள் எல்லோரும் "டாக்" என்று கூப்பிட, அவருக்கு அது ஆகாது. இதை எப்படிச் சொல்வது? டாக்டரய்யா என்று சொன்னால் அவர் ஏன் கோபப்படுகிறார் என்று கேட்பார்கள். யோசித்து யோசித்து 'டாக்டர் தம்பி' என்று போட்டேன், கச்சிதமாக உட்கார்ந்தது. நம் பக்கம் வயசாளிகள் அப்படித்தான் கூப்பிடுவார்கள், பிரியமும் இருக்கும், கொஞ்சம் உரிமையும் இருக்கும், அந்த உரிமைதான் இவருக்குப் பிடிக்கவில்லை.

லூயிசா டாக்டரை 'நீங்க' என்பாளா 'நீ' என்பாளா? இது பெரிய சிக்கல், பதினைந்து தடவை பார்த்தபோதும் எனக்கு இந்தக் கேள்வியே வந்ததில்லை. ஆங்கிலத்தில் ஒரே வார்த்தையில் போய்விடுகிறார்கள். நான் எபிசோட் முழுக்க 'நீங்க' என்றே சொல்லிக்கொண்டு வந்து, பையனுக்கு ஆபரேஷன் முடிந்து இருவரும் டாக்ஸியில் திரும்புகிற காட்சியில் 'நீ'-க்கு மாற்றினேன். உங்களுக்கு வேறு இடம் தோன்றலாம். அந்த இடத்தைத் தேடுவதற்காகவே ஒரு தடவை பார்க்கலாம்.

அப்புறம், சொல்லிக்கொண்டே போகும்போது நல்லது கெட்டதைப் பூசி மெழுகாதீர்கள். டாக்டர் நோயாளியைத் திட்டினால் திட்டினதாகவே சொல்லுங்கள். "ஊசி போடாம அனுப்புறானே, இவனுக்கு எப்பிடிக் கூட்டம் வரும்?" என்று அப்பத்தா கேட்டார். நியாயமான கேள்வி. கேட்டவர்களுக்கெல்லாம் ஊசி போட மாட்டேன் என்று சொன்ன ஒரு டாக்டரிடமிருந்து எங்கள் பக்கம் ஆட்கள் மெல்ல மெல்லக் கழன்றுகொண்டதை நான் பார்த்திருக்கிறேன். பீட்டரைக் காப்பாற்றிய பிறகுதான் அப்பத்தா இறங்கி வந்தார். "கைராசிக்காரன்தான். வாய்தான் வெளங்கல."

டாக்ஸி காட்சிக்கு முன்னால் நான் கொஞ்சம் தயங்கினேன், முத்தம் வருமே என்று. ஓட்டிவிடலாமா என்று ரிமோட்டை எடுத்ததும் அப்பத்தா கையைத் தட்டிவிட்டார். முத்தம் வந்தது, ஒன்றும் சொல்லவில்லை. உடனே டாக்டர் அந்தப் பெண்ணிடம் உன் வாய் நாறுகிறது, காரணம் என்னவாக இருக்கும் என்று விசாரணையை ஆரம்பிக்க, அதை நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அப்பத்தாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, புரையேறி, தலையில் தட்டி, தண்ணீர் கொடுத்து, திரும்ப ஓட்டி, லூயிசா அவரை வண்டியிலிருந்து இறக்கிவிடுகிற இடம் வரை வந்தோம்.

"நட்ட நடு ரோட்டுல எறக்கிவிட்டுருச்சே அந்தப் புள்ள. இனி வீட்டுக்கு எப்பிடிப் போவான்?"

"நடந்துதான் போவான் அப்பத்தா."

"நடக்கட்டும்" என்று காலி டம்ளரை நீட்டினார். "இன்னுங் கொஞ்சம் ஊத்து. அந்த வாயி நாறுன எடத்த மட்டும் திருப்பிப் போடு."