ஞானதிருஷ்டி வரும் க்ரைம் நாவலுக்கு வாசகர் கருத்து எழுதுவது எப்படி?

க்ரைம் நாவலில் துப்பறிகிறவருக்கு ஞானதிருஷ்டி மாதிரி ஏதாவது இருந்துவிட்டால் போதும், வாசகர்கள் உடனே இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுவார்கள். "செம, ஒரே ராத்திரியில் முடித்தேன்" என்று ஒரு கட்சி. "காதில் பூ சுற்றுகிறார்" என்று இன்னொரு கட்சி. இரண்டையும் படித்துவிட்டுப் புத்தகத்தை வாங்கலாமா வேண்டாமா என்று முழிப்பவர்கள்தான் அதிகம். நான் பல வருஷம் அப்படி முழித்திருக்கிறேன், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

உங்கள் கருத்து அடுத்தவருக்கு உதவ வேண்டும் என்றால் முக்கியமாக ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: கதையில் வரும் அந்தச் சக்தியால் என்ன முடியும், என்ன முடியாது, ஆசிரியர் அந்த எல்லையைக் கடைசிவரை காப்பாற்றினாரா. மற்றதெல்லாம் ருசி சம்பந்தப்பட்டது, ஆளுக்கு ஆள் மாறும்.

ஏன் இதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்றால், துப்பறியும் கதை என்பதே வாசகரோடு செய்துகொள்ளும் ஒப்பந்தம். துப்பு எல்லாம் நம் கண்முன்னால் இருக்கும், நாமும் சேர்ந்து யோசிக்கலாம். ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1929இல் துப்பறியும் கதைகளுக்குப் பத்து விதிகள் போட்டார். அதில் இரண்டாவது விதியே அமானுஷ்யம் எதுவும் கூடாது என்பதுதான். கொலைகாரனைக் கனவிலேயே பார்த்துவிட்டால் அப்புறம் எதற்குத் துப்பு? அவர் பயம் நியாயமானது. ஆனால் நல்ல எழுத்தாளர்கள் அந்த விதியை மீறிக்கொண்டேதான் இருக்கிறார்கள். மீறினாலும் ஒப்பந்தத்தை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்பதைத்தான் உங்கள் கருத்தில் நான் தேடுவேன்.

நமக்கும் இது புதிதில்லை. சுஜாதாவின் கொலையுதிர் காலம் படித்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அதில் துப்பறியும் வக்கீல் கணேஷ் விஞ்ஞானத்தின் பக்கம், அவர் உதவியாளர் வசந்த் ஆவியின் பக்கம், வாசகர்கள் இன்னமும் இரண்டு பக்கமும் நின்று மல்லுக்கட்டுகிறார்கள்.

சரி, எப்படி எழுதுவது என்பதை ஒரு புத்தகத்தை வைத்தே பார்க்கலாம். அமெரிக்க எழுத்தாளர் ஸ்டீபன் கிங் 1979இல் எழுதிய தி டெட் ஸோன். இந்த வகை நாவல்களில் நான் அதிகம் சண்டை போட்டது இதைப் பற்றித்தான். கதை இதுதான்: அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தில் ஜானி ஸ்மித் என்று ஒரு பள்ளி ஆசிரியர். 1970இல் டாக்ஸி விபத்தில் அடிபட்டு நாலரை வருஷம் கோமாவில் கிடக்கிறார். கண் விழித்தபோது காதலிக்கு வேறொருவரோடு கல்யாணம் ஆகியிருக்கிறது. இவருக்கோ யாரையாவது தொட்டால், எதையாவது தொட்டால், சில விஷயங்கள் தெரிகின்றன. காசில் ராக் என்ற ஊரில் பெண்கள் ஒருவர் பின் ஒருவராகக் கொல்லப்பட, அந்த ஊர்ப் போலீஸ் தலைவரான ஷெரிஃப் இவரிடம் உதவி கேட்டு வருகிறார். அப்புறம் ஒரு அரசியல்வாதி வருகிறார், ஜானி அவரோடு கைகுலுக்குகிறார். இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

முதல் வேலை படிக்கும்போதே தொடங்குகிறது. ஒரு துண்டுக் காகிதத்தைப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், அதுவே அடையாளத்துக்கும் ஆகும். சக்தி வேலை செய்யும் ஒவ்வொரு இடத்திலும் பக்க எண்ணைப் போட்டு, என்ன தெரிந்தது, என்ன தெரியவில்லை என்று இரண்டு வார்த்தை எழுதுங்கள். தி டெட் ஸோனுக்கு நான் வைத்திருந்த காகிதத்தில் இப்படி ஒரு குறிப்பு இருக்கிறது: "பிசியோதெரபி அம்மா, கையைத் தொட்டதும் அவர் வீட்டு அடுப்பு, திரைச்சீலையில் தீ." ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக் கொடுக்கும் பெண்ணைத் தொட்டதும், அவர் வீட்டுச் சமையலறை தீப்பிடிப்பது ஜானிக்குத் தெரிந்துவிடுகிறது. அதற்கு நேர் கீழே நான் எழுதியிருந்தது, "சில விவரம் வராது, மூளையில் அந்த இடம் செத்துப்போயிருக்கிறது." தலைப்பின் அர்த்தமே அதுதான். விபத்தில் மூளையின் ஒரு பகுதி போய்விட்டதால் சில விஷயங்கள் அவருக்குப் பிடிபடவே பிடிபடாது. கிங் சக்தியைக் கொடுத்த கையோடு அதில் ஓட்டையும் போட்டுவிட்டார், அந்த ஓட்டைதான் கதையை நடத்துகிறது.

இந்தக் காகிதம் கையில் இருந்தால் உங்கள் கருத்து பாதி தயார். கடைசி அத்தியாயத்தில் திடீரென்று புதுச் சக்தி முளைத்தால், அதுவரை தொட்டால்தான் தெரியும் என்று இருந்தவருக்குத் தொடாமலே தெரிந்தால், அதைத் தைரியமாக எழுதலாம். "காதில் பூ" என்று இரண்டு வார்த்தையில் முடிப்பதைவிட, "பாதி நாவல்வரை தொட்டால்தான் தெரியும், கிளைமாக்ஸில் போனிலேயே தெரிந்துவிடுகிறது" என்று எழுதினால் படிக்கிறவருக்கு விஷயம் புரியும், ஆசிரியர் கண்ணில் பட்டாலும் பதில் சொல்ல முடியாது.

அடுத்தது, அந்தச் சக்திக்கு நாயகனோ நாயகியோ என்ன விலை கொடுக்கிறார் என்று பாருங்கள். இதைப் பெரும்பாலான கருத்துகளில் யாரும் தொடுவதே இல்லை, எனக்கு இது பெரிய வருத்தம். ஜானிக்குத் தலைவலி வருகிறது, அது சின்ன விஷயம். தொட்டால் நம் ரகசியம் தெரிந்துவிடுமோ என்று ஆட்கள் விலகிப் போவதுதான் பெரிய விலை. அவர் அம்மா இதைக் கடவுள் கொடுத்த வேலை என்கிறார், பத்திரிகைக்காரர்கள் துரத்துகிறார்கள், அவருக்கு வேண்டியதெல்லாம் திரும்பவும் வகுப்பறையில் போய் நிற்பது மட்டும்தான். ஓசியில் கிடைத்த சக்தி மாதிரி எழுதப்பட்ட நாவல்களையும் படித்திருக்கிறேன், புத்தகத்தை மூடியதும் மறந்துவிடும். நீங்கள் படித்த நாவலில் நாயகனோ நாயகியோ அந்தச் சக்தியால் எதை இழந்தார் என்று ஒரு வரி எழுதுங்கள். எதையும் இழக்கவில்லை என்றால் அதையே எழுதுங்கள், அதுவும் தகவல்தான்.

வேகத்தைப் பற்றிச் சொல்லும்போது "இழுவை" என்று மட்டும் எழுதாதீர்கள். எங்கே இழுக்கிறது? தி டெட் ஸோன் பற்றி நான் அடிக்கடி கேட்கும் குறை, இது இரண்டு நாவலை ஒட்டவைத்த மாதிரி இருக்கிறது என்பது. குறை சொல்கிறவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. கொலை வழக்கு ஏறக்குறைய பாதியிலேயே முடிந்துவிடும், அதற்குப் பிறகு கதை அரசியல் பக்கம் திரும்பிவிடும். க்ரைம் நாவல் என்று நம்பி உட்கார்ந்தவருக்கு இருநூறு பக்கத்துக்குமேல் ஏமாற்றம். என் கட்சி வேறு: ஒரு கொலைகாரனைக் கண்டுபிடிப்பது ஜானிக்கு ஒத்திகை, பின்பாதியில் வரும் கேள்விதான் பரீட்சை, அந்த முதல் பாதி இல்லாவிட்டால் இரண்டாவதின் கனம் நமக்கு ஏறாது. நீங்கள் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நில்லுங்கள், ஆனால் "பாதியில் வழக்கு முடிகிறது, பிறகு வேறு கதை" என்ற தகவலைக் கொடுத்துவிடுங்கள். அதைத் தெரிந்துகொண்டு படிப்பவர் ஏமாற மாட்டார்.

நீங்கள் யார் என்பதையும் ஒரு வரியில் சொல்லிவிடுவது நல்லது. ராஜேஷ்குமார் நாவல்களை பஸ் பயணத்தில் முடிக்கிறவருக்கும், இந்திரா சௌந்தர்ராஜனின் சித்தர் கதைகளில் ஊறியவருக்கும், பேய் என்றாலே புத்தகத்தை மூடிவைப்பவருக்கும் ஒரே நாவல் மூன்று விதமாகத் தெரியும். "எனக்கு அமானுஷ்யத்தில் நம்பிக்கை இல்லை, இருந்தும் இதை முடித்தேன்" என்ற வாக்கியம் ஐந்து நட்சத்திரத்தைவிட எனக்கு அதிகம் சொல்லும். மொழிபெயர்ப்பில் படித்தீர்களா, ஆங்கிலத்திலா என்பதையும் சேர்த்துவிடுங்கள். படம் பார்த்துவிட்டுப் புத்தகத்துக்கு வந்தீர்கள் என்றால் அதுவும். டேவிட் குரோனன்பெர்க் 1983இல் எடுத்த படத்தில் கிறிஸ்டோபர் வாக்கன்தான் ஜானி. அதைப் பார்த்தவர்களுக்கு நாவல் படிக்கும்போதும் அந்த முகம்தான் வரும், அது கருத்தைக் கொஞ்சமாவது சாய்க்கும்.

இப்போது ஸ்பாய்லர், அதாவது கதையின் முடிச்சை முன்கூட்டியே போட்டு உடைப்பது. இதில் நான் கொஞ்சம் கண்டிப்பானவள். என் சித்தி பையன், நான் தி டெட் ஸோனின் அறுபதாவது பக்கத்தில் இருந்தபோது, "ஓ, இதுவா, அதில் கொலைகாரன் அவன்தானே" என்று சொல்லிவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டான். அந்த முதல் பாதியை அதற்கப்புறம் நான் கடமைக்குத்தான் படித்தேன். கணக்கு எளிது: பின்னட்டையில் இருப்பதைச் சொல்லலாம், முதல் கால்பகுதியில் நடப்பதைச் சொல்லலாம். ஜானி விபத்துக்கு முன் திருவிழாவில் அதிர்ஷ்டச் சக்கரத்தில் ஐந்நூறு டாலருக்குமேல் ஜெயிக்கும் காட்சியைத் தாராளமாக விவரிக்கலாம். கூட்டம் கூடுகிறது, காதலிக்கு வயிறு சரியில்லை, இவருக்கு எந்த எண் விழும் என்று தெரிந்துகொண்டே இருக்கிறது. அங்கேயே நமக்கு லேசாக வியர்க்கும். ஆசிரியரின் எழுத்து எப்படி என்று காட்ட அது போதும், கொலைகாரன் பக்கம் போகவே வேண்டாம். "கடைசியில் ஒரு பெரிய ட்விஸ்ட் இருக்கிறது" என்பதும் ஸ்பாய்லர்தான், அதற்குப் பிறகு படிக்கிறவர் அதையே தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இன்னொன்று, இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நாவலில் ஞானதிருஷ்டி நன்றாக வேலை செய்ததால் நிஜத்திலும் போலீஸ் இப்படிக் கண்டுபிடிக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். பீட்டர் ஹுர்கோஸ் என்ற டச்சுக்காரர் 1941இல் ஏணியிலிருந்து விழுந்த பிறகு தனக்குச் சக்தி வந்ததாகச் சொன்னார். அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பெண்கள் தொடர்ந்து கொல்லப்பட்ட வழக்குக்கு அவரை 1964இல் அழைத்து வந்தார்கள். அவர் கைகாட்டிய ஆள் ஒருவர், பின்னால் கொலைகளை ஒப்புக்கொண்ட ஆள் வேறொருவர். இதைவிட என்னைத் தூங்கவிடாமல் செய்தது 2004இல் நடந்தது. காணாமல்போன பெண்ணின் தாயிடம் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் வைத்து, உங்கள் மகள் உயிரோடு இல்லை என்றார் சில்வியா பிரவுன், தனக்கு ஞானதிருஷ்டி உண்டு என்று சொல்லிக்கொண்ட ஒரு அமெரிக்கப் பெண்மணி. அந்தத் தாய் 2006இல் இறந்துபோனார். மகள் 2013இல் கிளீவ்லாண்டில் ஒரு வீட்டிலிருந்து உயிரோடு தப்பி வந்தாள். நாவலை ரசிக்க இதெல்லாம் தடையில்லை, நானே இந்த வகையை விடாமல் படிக்கிறேன். ஆனால் "உண்மையிலும் இப்படி நடக்கும்" என்று நாம் சும்மா எழுதிவிட்டுப் போகும் வரியை, வீட்டில் யாரையாவது தொலைத்துவிட்டுத் தேடுகிற ஒருவர் படிக்கலாம்.

எழுதி முடிக்கும்போது எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால், நான் தி டெட் ஸோனுக்கு எழுதியது இது:

"பேய்க்கதை படிக்காதவள் நான், ஆங்கிலத்தில் படித்தேன். தொட்டால் தெரியும், ஆனால் எல்லாம் தெரியாது என்ற விதியை ஆசிரியர் கடைசிவரை மீறவில்லை. கொலை வழக்கு பாதியில் முடிகிறது, க்ரைம் மட்டும் வேண்டும் என்பவர்கள் அங்கேயே களைத்துவிடலாம். எனக்குப் பின்பாதிதான் பிடித்தது. ஜானியின் அப்பா வரும் காட்சிகளில் இரண்டு முறை புத்தகத்தைக் கீழே வைத்தேன். ஆரம்பத்தில் ஒரு நாயைக் கொடுமைப்படுத்தும் காட்சி உண்டு, தாங்காதவர்கள் தள்ளிவிட்டுப் போகலாம்."

அவ்வளவுதான், ஆறு வாக்கியம். விறுவிறுப்பு, அருமை, வேற லெவல் எதுவும் இல்லை. அந்த மாதிரி வார்த்தை கையில் வந்தால் அதை எடுத்துவிட்டு, அப்படிச் சொல்லவைத்த காட்சியை வையுங்கள்.

எழுதியதை ஒருநாள் ஆறப் போடுங்கள். அப்புறம் அந்த நாவலைப் படிக்காத ஒருவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள், எங்கள் வீட்டில் அதற்கு அக்காதான். முடித்ததும் இரண்டு கேள்வி கேட்பேன்: இந்தப் புத்தகத்தை எடுப்பாயா, கொலைகாரன் யாராக இருக்கும் என்று நினைக்கிறாய்? முதல் கேள்விக்கு எந்தப் பதில் வந்தாலும் சரி. இரண்டாவதுக்கு அவள் சரியான ஆளைச் சொல்லிவிட்டால், எந்த வரியை வைத்துக் கண்டுபிடித்தாள் என்று கேட்டு அந்த வரியை அடித்துவிடுவேன்.