கடை விபிஎன்னுக்குச் சொந்தமாக ஒரு சிஏ: அமைப்பதும் கட்டிக்காப்பதும்

சிஏ என்றதும் மதுரையில் ஆடிட்டர்தான் ஞாபகத்துக்கு வருவார். இங்கே சொல்லவருவது சர்டிபிகேட் அத்தாரிட்டி. விபிஎன் என்பது வெளியில் இருக்கும் கணினிகளைக் கடை நெட்வொர்க்கோடு பாதுகாப்பாக இணைக்கும் தனி வழி. அதற்குள் நுழையும் ஒவ்வொரு கணினிக்கும் அடையாளச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுத் தருவதும், வேண்டாதபோது அதை ரத்து செய்வதும் இதன் வேலை. ஜிஎஸ்டி தாக்கலுக்குச் செருகும் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கன் வேறு. அது 2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி உரிமம் வாங்கிய நிறுவனங்கள் தருவது. நம் சிஏவின் கையெழுத்து நம் கடை வாசலைத் தாண்டிச் செல்லாது, செல்லவும் தேவையில்லை.

உதாரணத்துக்குக் கீழமாசி வீதியில் ஒரு மொத்த மளிகைக் கடை என்று வைத்துக்கொள்வோம். டேலி சர்வர் கடையில். மேலூரில் கோடவுன், திருமங்கலத்தில் கிளை, அண்ணா நகரில் முதலாளி வீடு, சிம்மக்கல்லில் ஆடிட்டர் ஆபீஸ். சித்திரைத் தேரோட்டத்தன்று மாசி வீதிகளுக்குள் வண்டி நுழையாது; அன்று கணக்குப்பிள்ளை வீட்டிலிருந்தே கணக்கைத் திறக்க வேண்டும். விபிஎன்னுக்கு மென்பொருள் ஓபன்விபிஎன், சிஏவை நடத்தும் கருவி ஈஸி-ஆர்எஸ்ஏ 3. கட்டளைகளை வாயால் சொல்வதுபோல் தமிழில் எழுதியிருக்கிறோம், தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

ஆரம்பிக்கும் முன் ஒன்று பார்த்துவிடுங்கள். கடையின் பிராட்பேண்ட் இணைப்புக்குத் தனி பொது ஐபி இருக்கிறதா? பல வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைக்கும் இணைப்பாக இருந்தால், ரவுட்டரில் ஓபன்விபிஎன்னின் வழக்கமான நுழைவாயிலான யுடிபி 1194 போர்ட்டை எத்தனை முறை திறந்துவிட்டாலும் வெளியிலிருந்து யாரும் வர முடியாது. ஸ்டேட்டிக் ஐபி (மாறாத பொது முகவரி) கேட்டு வாங்குங்கள்.

சிஏ எந்த மெஷினில்?

விபிஎன் சர்வரிலேயே சிஏவையும் வைத்துவிடுவதுதான் எல்லோரும் செய்வது. அது தப்பு. சர்வருக்குள் ஒருவன் புகுந்துவிட்டால், சிஏ சாவியை (கையெழுத்துப் போட உதவும் ரகசிய ஃபைல்) எடுத்துத் தனக்குத் தானே எத்தனை சான்றிதழ் வேண்டுமானாலும் போட்டுக்கொள்வான். உங்கள் பட்டியலில் அது வரவே வராது. ஒரு பழைய லேப்டாப் போதும். விண்டோஸை அழித்து உபுண்டு அல்லது டெபியன் போட்டு, ஹார்ட் டிஸ்கை முழுக்க என்கிரிப்ட் செய்து, ஈஸி-ஆர்எஸ்ஏவை நிறுவியபின் வைஃபையை நிரந்தரமாக அணைத்துவிடுங்கள். ஃபைல் போய் வருவதெல்லாம் பென் டிரைவில்.

அந்த லேப்டாப்பின் கடிகாரத்தை முதலில் சரிபாருங்கள். இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. விண்டோஸ் பயாஸ் கடிகாரத்தில் (மதர்போர்டில் ஓடும் கடிகாரம்) இந்திய நேரத்தை வைக்கும். உபுண்டு, டெபியன் போன்ற லினக்ஸ் அதை யுடிசி (நம் நேரத்தைவிட ஐந்தரை மணி பின்னால் இருக்கும் உலகப் பொது நேரம்) என்று படிக்கும். நெட் இல்லாததால் தானாகத் திருத்திக்கொள்ளவும் வழியில்லை. மெஷின் ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும். காலை 10 மணிக்குக் கையெழுத்திட்ட சான்றிதழை சர்வர் பிற்பகல் 3.30 வரை 'இன்னும் செல்லுபடியாகவில்லை' என்று தள்ளும். அதற்குள் நான்கு முறை சாவியை மாற்றிப் பார்த்திருப்பீர்கள். சாயங்காலம் எதுவும் செய்யாமலே வேலை செய்யும். காரணம் மட்டும் தெரியாது. 'டைம்டேட்சிடிஎல்' என்று தட்டி, அதில் வரும் யுனிவர்சல் டைம் உங்கள் போன் நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் குறைவாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

அமைப்பது

'மேக்-சிஏடிர்' கட்டளையால் ஒரு ஃபோல்டர் உண்டாக்குங்கள். உள்ளே 'வார்ஸ்' என்ற ஃபைல் இருக்கும். அல்காரிதம் வரியில் 'ஈசி' என்று மாற்றினால் நீள்வட்ட வளைவுச் சாவிகள் கிடைக்கும், சிறியவை, வேகமானவை. சர்வர் கான்ஃபிகில் (ஓபன்விபிஎன்னின் அமைப்பு ஃபைல்) சாவிப் பரிமாற்றத்துக்கான டிஃபி-ஹெல்மேன் ஃபைலும் தேவைப்படாது, 'டிஎச் நன்' என்று போட்டால் போதும். இதே ஃபைலில்தான் மூன்று கெடுக்கள் உள்ளன: சிஏவுக்கு 3650 நாள், சான்றிதழுக்கு 825 நாள், ரத்துப் பட்டியலுக்கு (ரத்தான சான்றிதழ்களின் பட்டியல், சுருக்கமாக சிஆர்எல்) 180 நாள். நீங்கள் மாற்றாவிட்டால் இந்த எண்களே நிற்கும். இவற்றைப் பிறகு பார்ப்போம்.

'இனிட்-பிகேஐ', பிறகு 'பில்ட்-சிஏ'. இரண்டாவது கட்டளை கடவுச்சொற்றொடர் கேட்கும். சிஏவுக்கு 'நோபாஸ்' (கடவுச்சொல் வேண்டாம் என்ற குறிப்பு) போடவே கூடாது. நான்கைந்து தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து, காகிதத்தில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, கடை இரும்புப் பெட்டியில் வையுங்கள். 'இனிட்-பிகேஐ' வாழ்நாளில் ஒரே முறைதான். ஏதோ கோளாறு என்று மறுபடி ஓட்டினால் பழையதை அழிக்கவா என்று கேட்கும். அவசரத்தில் 'யெஸ்' தட்டினால் சிஏ, பட்டியல் எல்லாம் போச்சு.

சர்வரின் சாவி சர்வரிலேயே பிறக்க வேண்டும். அங்கேயும் ஈஸி-ஆர்எஸ்ஏவைப் போட்டு 'ஜென்-ரெக் சர்வர் நோபாஸ்' கொடுங்கள். இங்கே நோபாஸ் சரிதான்: ராத்திரி கரண்ட் போய் வந்தால் சர்வர் தானாக எழ வேண்டும், கடவுச்சொல் தட்ட யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள். அது தரும் ரெக்வெஸ்ட் ஃபைலை (கையெழுத்துக் கேட்கும் விண்ணப்பம்) மட்டும் பென் டிரைவில் சிஏ லேப்டாப்புக்குக் கொண்டுபோய் 'இம்போர்ட்-ரெக்', பிறகு 'சைன்-ரெக் சர்வர் சர்வர்'. முதல் 'சர்வர்' வகை, இரண்டாவது பெயர். வகையைத் தவறிப்போய் 'கிளையண்ட்' (சர்வரோடு இணையும் கணினி) என்று போட்டால் சான்றிதழ் பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ஒரு கிளையண்டும் இணையாது. கிளையண்ட் கான்ஃபிகில் 'ரிமோட்-சர்ட்-டிஎல்எஸ் சர்வர்' என்ற வரி இருப்பதுதான் காரணம். அந்த வரியை எடுத்துவிட்டால் வேலை செய்யும் என்று யாராவது சொல்வார்கள். எடுத்தால், மேலூர் கோடவுன் சான்றிதழை வைத்திருப்பவன் தன்னையே சர்வர் என்று காட்டிக்கொள்ள முடியும். கையெழுத்தைத் திருத்துங்கள், வரியைத் தொடாதீர்கள்.

கிளையண்டுகளுக்கும் இதே முறை, வகை மட்டும் 'கிளையண்ட்'. தூக்கிப் போகும் லேப்டாப்பின் சாவிக்குக் கடவுச்சொல் கட்டாயம். பெயரில் இடம், மெஷின், வருடம் மூன்றும் இருக்கட்டும்: 'மேலூர்-கோடவுன்-பிசி1-25' என்பதுபோல. 'ஸ்டாஃப்1' என்று வைத்தால் இரண்டு வருடம் கழித்து அது யார் என்று ஒருவருக்கும் தெரியாது. சான்றிதழ், சாவி, அமைப்பு எல்லாம் சேர்ந்த ஓவிபிஎன் ஃபைலை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். அதற்குள் சாவி இருக்கிறது, போன் போன இடமெல்லாம் அதுவும் போகும். கூடவே 'டிஎல்எஸ்-கிரிப்ட்' சாவியும் போடுங்கள், போர்ட்டைத் தட்டிப் பார்க்கும் வெளியாளுக்கு சர்வர் பதிலே சொல்லாது.

ஒரே ஃபைலை இரண்டு மெஷினில் போட்டால்

கிளையில் ஆள் அவசரத்துக்குப் பக்கத்துக் கணினியிலும் அதே ஃபைலைப் போடுவார். அடுத்த நிமிடத்திலிருந்து இருவருக்கும் லைன் விட்டு விட்டு வரும். ஒரே பெயரில் இரண்டாவது ஆள் வந்தால் ஓபன்விபிஎன் முதல் ஆளை வெளியே தள்ளும். தள்ளப்பட்டவர் மறுபடி வந்து இவரைத் தள்ளுவார். லாகில் (சர்வர் எழுதும் பதிவேடு) ஒரே பெயர் மாறி மாறி இரண்டு ஐபியிலிருந்து வந்தால் இதுதான் விஷயம். ஒரே பெயரில் பலரை விடும் 'டுப்ளிகேட்-சிஎன்' வரியை சர்வர் கான்ஃபிகில் போட்டால் சண்டை அடங்கும், ஆனால் அப்புறம் ஒருவரை நிறுத்தினால் இருவரும் நிற்பார்கள். இரண்டாவது மெஷினுக்கு இன்னொரு சான்றிதழ் போட ஐந்து நிமிடம் ஆகாது.

ரத்து செய்வது

வேலையை விட்டுப் போனவர், தொலைந்த லேப்டாப், இரண்டுக்கும் 'ரிவோக்' என்று சொல்லிப் பெயரைக் கொடுக்க வேண்டும். பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். இதனால் சிஏ லேப்டாப்பின் சான்றிதழ்ப் பட்டியலில் ஒரு எழுத்து மாறியதோடு சரி. சர்வருக்கு ஒன்றும் தெரியாது. அடுத்து 'ஜென்-சிஆர்எல்' ஓட்டி, வரும் சிஆர்எல் ஃபைலை சர்வருக்குக் கொண்டுபோய், சர்வர் கான்ஃபிகின் 'சிஆர்எல்-வெரிஃபை' வரி காட்டும் இடத்தில் பழையதன்மேல் வைக்க வேண்டும். சர்வரை ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம், புது ஃபைலைத் தானே படித்துக்கொள்ளும். ஏற்கெனவே உள்ளே இருப்பவர் அடுத்த சாவி மாற்றம் வரை, அதாவது வழக்கமான அமைப்பில் 3600 விநாடி வரை, உள்ளேயே இருப்பார். அதற்கும் பொறுக்க முடியாதென்றால் மட்டும் ரீஸ்டார்ட்.

ஓபன்விபிஎன் துவங்கியபின் 'நோபடி' என்ற அதிகாரமில்லாத பயனராக மாறி ஓடும்படி வைத்திருப்பீர்கள். சிஆர்எல் ஃபைலை ரூட் (முழு அதிகாரமுள்ள பயனர்) மட்டுமே திறக்கக்கூடிய ஃபோல்டரில் வைத்தால், ஓபன்விபிஎன்னால் புதுசைப் பார்க்கவே முடியாது. லாகில் ஒரு எச்சரிக்கை வரியைப் போட்டுவிட்டுப் பழைய பட்டியலோடு ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்திய ஆள் ஜாலியாக உள்ளே வருவார். எல்லோரும் படிக்கலாம், உரியவர் மட்டுமே மாற்றலாம் என்ற அனுமதி எண்ணை வையுங்கள்: ஃபைலுக்கு 644, அதைத் தாங்கும் ஃபோல்டருக்கு 755. ஒவ்வொரு ரத்துக்குப் பின்னும் அந்தப் பழைய சாவியால் இணைத்துப் பாருங்கள்; முடிந்தால் வேலை முடியவில்லை.

கெடு தேதிகள்

ரத்துப் பட்டியலுக்கே கெடு உண்டு என்பதைத்தான் ஆட்கள் மறக்கிறார்கள். அது காலாவதியானால் ஓபன்விபிஎன் 2.4 முதல் எல்லாக் கிளையண்டையும் தள்ளும். யாருடைய சான்றிதழிலும் குறை இருக்காது. தீபாவளிக்கு ஒட்டிப் போட்ட 180 நாள் பட்டியல் சரியாகச் சித்திரைத் திருவிழாவை ஒட்டி முடியும். யாரையும் ரத்து செய்யாவிட்டாலும் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை புதுப் பட்டியல் போட்டுவிடுங்கள்.

சான்றிதழ்களின் கெடு தேதி சிஏ லேப்டாப்பின் 'இண்டெக்ஸ்' டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கிறது. வரிக்கு ஒரு சான்றிதழ். முதல் எழுத்து 'வி' என்றால் செல்லுபடி, 'ஆர்' என்றால் ரத்து. அடுத்து 270919043000 என்று பன்னிரண்டு இலக்கம், கடைசியில் 'இசட்'. 2027 செப்டம்பர் 19, 04:30 யுடிசி; ஐந்தரையைக் கூட்டினால் நம் நேரம் காலை 10 மணி. 2025 ஜூன் 16 அன்று 825 நாளுக்குப் போட்ட சர்வர் சான்றிதழ் இப்படித்தான் விழும். அது ஞாயிற்றுக்கிழமை, கடை லீவு. மறுநாள் 20-ஆம் தேதி, மாதத் தாக்கல் செய்பவர்களுக்கு ஜிஎஸ்டிஆர்-3பி கடைசி நாள். காலையில் ஆடிட்டர் ஆபீஸிலிருந்து போன் வரும்போதுதான் விஷயம் தெரியும். கையெழுத்திட்ட அன்று 825-க்குப் பதில் 806 போட்டிருந்தால் ஆகஸ்ட் 31, செவ்வாய். எல்லோரும் வேலையில் இருக்கும் நாள், நெருக்கடியும் இல்லை. கையெழுத்திடும்முன் காலண்டரைப் பார்த்து நாள் எண்ணிக்கையை வையுங்கள். புதுப்பிக்கும்போது பழைய சாவியை இழுக்காமல், அடுத்த வருட எண்ணோடு புதுப் பெயரில் புதுச் சான்றிதழ் போட்டு, அது ஓடியபின் பழையதை ரத்து செய்வதே சிக்கலில்லாத வழி.

சிஏவின் பத்து வருடமும் ஒரு நாள் முடியும். அது முடிந்தால் அதன் கீழ் உள்ள எல்லாம் முடிந்தது, தனிச் சான்றிதழில் எவ்வளவு நாள் மிச்சமிருந்தாலும். ஏழாவது வருடக் கடைசியில் புது சிஏ ஒன்றை எழுப்பி, சர்வரிலும் கிளையண்டிலும் சிஏ ஃபைலில் (சிஏவின் சான்றிதழ், சாவி அல்ல) பழையது புதியது இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டிவைத்தால், ஒவ்வொரு இடமாக நிதானமாக மாற்றலாம்.

சர்வரின் கடிகாரமும் இதே கணக்கில் சேரும். மதர்போர்டின் சிஆர்2032 பேட்டரி செத்திருந்தால், கரண்ட் போய் வந்ததும் மெஷின் பழைய வருடத்தில் எழும்; எல்லாச் சான்றிதழும் 'இன்னும் செல்லுபடியாகவில்லை' ஆகிவிடும். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான சர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவுப்படி நிறுவனங்கள் கடிகாரத்தை என்ஐசி (தேசியத் தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேர சர்வரோடு ஒத்துவைக்க வேண்டும், லாகுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் விவரத்தை 5 வருடம் வைக்கும் விதி பொதுமக்களுக்கு விபிஎன் விற்பவர்களுக்கானது. கடை ஆட்களுக்கான உள் விபிஎன்னுக்கு இல்லை.

பேக்கப்புக்கு, 'இனிட்-பிகேஐ' உண்டாக்கிய 'பிகேஐ' ஃபோல்டர் முழுவதையும் எடுங்கள். சாவியை மட்டும் எடுத்து இண்டெக்ஸையும் சீரியலையும் (சான்றிதழ் வரிசை எண் ஃபைல்) விட்டால், யாருக்கு என்ன கொடுத்தோம் என்பதே தெரியாது, பிறகு எதை ரத்து செய்வது? என்கிரிப்ட் செய்த இரண்டு பென் டிரைவ்: ஒன்று கடைப் பெட்டியில், ஒன்று அண்ணா நகர் வீட்டு பீரோவில். பென் டிரைவ் சும்மா கிடந்தே கெட்டுப்போகும், ஆகவே புது சிஆர்எல் போடும் அன்றே இரண்டையும் செருகித் திறந்து பாருங்கள். சிஏ சாவி தொலைந்தால் இருக்கும் இணைப்புகள் உடனே நிற்காது. கையிலிருக்கும் சிஆர்எல் காலாவதியாகும் நாளில் நிற்கும். அதுவரை உள்ள நாளில் புது சிஏ போட்டு முடித்துவிட வேண்டும். திருடு போனால் அந்த அவகாசமும் இல்லை, அன்றைக்கே சர்வரில் சிஏ ஃபைலை மாற்றி, மேலூர் முதல் சிம்மக்கல் வரை எல்லா மெஷினுக்கும் புதுசு போட வேண்டும்.