பச்சிளம் குழந்தை வீடுகளுக்குப் போகிறவர்களோடு உட்கார்ந்து பேசுவது எப்படி

ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42-ஆம் நாள்களில் வீட்டுக்கே போய்ப் பார்க்க வேண்டும். எடை, உடல் சூடு, தொப்புள், தாய்ப்பால் எல்லாம் படிவத்தில் ஏறிவிடும். அந்த வீட்டில் கண்டது சிஸ்டரின் மனதை என்ன செய்தது என்று எழுத அதில் இடமில்லை. அதைப் பேசத்தான் ரிஃப்ளெக்டிவ் சூப்பர்விஷன், அதாவது மேற்பார்வையாளர் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்கும் முறை. 1970களில் அமெரிக்காவின் மிச்சிகனில் குழந்தை மனநல நிபுணர் செல்மா ஃபிரைபெர்க் நடத்திய பணியின் வழியில் வளர்ந்த முறை இது. உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம் பக்கம் கிராம சுகாதார செவிலியரையும் அங்கன்வாடி டீச்சர்களையும் மேற்பார்க்கிறவர்கள் செலவில்லாமல் தொடங்கலாம்.

இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, ஒருவரோடு ஒரு மணி நேரம். குழுவாக என்றால் 4 முதல் 6 பேர், ஒன்றரை மணி நேரம். கிழமை மாறக் கூடாது. முகாம் குறுக்கே வந்தால் மாற்றுத் தேதியை அப்போதே சொல்லிவிடுங்கள். இரண்டு தடவை தள்ளிப்போனால் மனதில் இருப்பதை யாரும் கொண்டுவர மாட்டார்கள். ரிவியூ மீட்டிங்கோடு சேர்த்து நடத்தவே வேண்டாம். டார்கெட் கேட்ட அதே மூச்சில் கேட்டால் "பயமா இருந்துச்சு" என்று யார் சொல்வார்கள்? ஓ.பி. முடிந்த பிற்பகல், கதவைச் சாத்த முடிகிற அறை, போன் சைலண்டில்.

ஒரு நாளைக்கு ஒரே ஒரு வீடு. தாய்வீட்டில் பிள்ளை பெற்ற பெண்ணைப் பார்த்துவிட்டு வந்த சிஸ்டர் இப்படித் தொடங்கலாம்:

"அந்தப் பொண்ணுக்குப் பிள்ளை மேல பாசமே இல்ல, மேடம்."

"எதைப் பார்த்தப்ப அப்படித் தோணுச்சு, சிஸ்டர்?"

"ஏழாம் நாள் போனேன். பிள்ளை அழுகுது, இவ சுவரைப் பார்த்துப் படுத்திருக்கா. அவங்கம்மா தூக்கிச் சர்க்கரைத் தண்ணி தொட்டு வச்சாங்க."

பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். சர்க்கரைத் தண்ணி என்றதும் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் என்ற பாடத்தை ஆரம்பித்துவிடுவோம். அது சிஸ்டருக்குத் தெரியாததல்ல. "அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று மட்டும் கேளுங்கள். பதில் வராவிட்டால் பத்து விநாடி சும்மா இருங்கள். "கோவம் வந்துச்சு, அந்தம்மாவச் சத்தம் போட்டுட்டேன்" என்று வரும். "நீங்க சத்தம் போட்டப்ப அந்தப் பொண்ணு என்ன செஞ்சா? பிள்ளை என்ன செஞ்சுச்சு?" இந்த இரண்டையும் விட்டுவிடாதீர்கள். பெரியவர்கள் சண்டையில் குழந்தை பேச்சிலிருந்தே காணாமல் போய்விடும்.

இதன் பிறகுதான் தையல் வலி, தூக்கமின்மை, இதுவும் பெண் பிள்ளையா என்ற வீட்டுப் பேச்சு என்று ஒவ்வொன்றாய் சிஸ்டருக்கே நினைவுக்கு வரும். 14-ஆம் நாள் செய்யப் போகிற ஒரே காரியத்தை அவரே சொல்லட்டும்: தராசை எடுக்கும் முன் தாயின் பக்கத்தில் உட்கார்ந்து "தூங்குனியாம்மா?" என்று கேட்பது, அவ்வளவுதான். திட்டு வாங்கிய சிஸ்டர் பாட்டியைத் திட்டுவார், பாட்டி மகளைத் திட்டுவார். சிஸ்டரிடம் நீங்கள் காட்டும் பொறுமையும் அதே வழியில்தான் குழந்தை வரை போய்ச் சேரும்.

சில விஷயங்களுக்கு இந்தப் பொறுமை கூடாது. குழந்தை பால் குடிக்கவில்லை, வலிப்பு, நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு, நெஞ்சு உள்வாங்குதல், உடம்பு சில்லிட்டது என்றால் பேச்சை நிறுத்தி 108-ஐ அழையுங்கள். தாயின் மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும். தன்னையோ பிள்ளையையோ ஏதாவது செய்துவிடலாம் போலிருக்கிறது என்றால் தனியே விடாமல் அன்றைக்கே. குழந்தையை யாரும் துன்புறுத்துவதாகத் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

குழுவில் ஆளுக்கொரு யோசனை சொல்லிச் சிஸ்டரைத் திணறடிப்பார்கள். முதல் சுற்றில் கேள்வி மட்டும் என்று கட்டுப்படுத்துங்கள். வருடாந்திர ரிப்போர்ட் எழுதுவதும் நீங்களே என்றால், எது அறையை விட்டு வெளியே போகும், எது போகாது என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும். நோட்டில் பெயர், தெரு எதுவும் வேண்டாம். சிஸ்டரின் சொந்தத் துக்கம் கிளம்பினால் கேளுங்கள், தோண்டாதீர்கள். கூடுதல் உதவி வேண்டுமென்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416 இருக்கிறது. உங்களுக்கும் மாதம் ஒருமுறை இப்படிக் கேட்க ஓர் ஆள் வேண்டும். பக்கத்து வட்டார மேற்பார்வையாளரோடு மாற்றி மாற்றிச் செய்துகொள்ளலாம்.