காவிரிப் படுகையில் புதிய ரயில் பாதை: நீரின் வழியையும் உயிரினங்களையும் காக்க ஊரார் செய்ய வேண்டியவை

நாகப்பட்டினத்தையும் திருச்சியையும் தஞ்சாவூர் வழியாக இணைத்த பாதை 1861-62 ஆம் ஆண்டுகளிலேயே போடப்பட்டதால், காவிரிப் படுகைக்கு ரயில் புதிதன்று. இன்று திருச்சிக்கு மெட்ரோ வேண்டும் என்ற பேச்சும், கும்பகோணம், மயிலாடுதுறை வழியாகச் செல்லும் பாதையை இரட்டைப் பாதையாக்க வேண்டும் என்ற கோரிக்கையும் நடப்பில் உள்ளன. இவை வர வேண்டும் என்றே விரும்புகிறேன். அத்தனை பயணிகளையும் சாலையில் ஏற்றிச் செல்ல இதைவிட அதிக நிலம் போய்விடும். ஆனால் தட்டையான இந்த மண்ணில் நீர் போகும் வழியை மறித்தால் வயலும் ஏரியும் அவற்றை நம்பியிருக்கும் பறவைகளும் சேர்ந்தே கெடும் என்பதால், பாதையின் தடம் முடிவாகும் முன்னரே ஊரார் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

சட்டத்தை நம்பிக் காத்திருக்க வேண்டாம்

2006 ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின் பட்டியலில் ரயில் பாதைகள் இடம்பெறவில்லை. ஆகவே முன் அனுமதியும் அதையொட்டிய மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டமும் ரயில் திட்டத்துக்குக் கட்டாயமில்லை. கூட்டம் நடக்கும்போது பேசிக்கொள்ளலாம் என்று இருப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். 2020 ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தடை செய்யும் தொழில்களிலும் ரயில் இல்லை. பல போக நிலத்தைக் கையகப்படுத்துவதற்கு 2013 ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் விதிக்கும் கட்டுப்பாடும் ரயில் போன்ற நீள்வடிவத் திட்டங்களுக்குப் பொருந்தாது. சரணாலயம், வனநிலம், கடலோர மண்டலம், அறிவிக்கப்பட்ட ஈரநிலம் ஆகியவற்றைத் தொடும் இடங்களில் மட்டும் தனிச் சட்டங்களின் கட்டுப்பாடு உண்டு. மற்ற இடங்களில் நீங்கள் திரட்டி வைத்திருக்கும் ஆவணங்களே உங்களுக்குத் துணை.

முதலில் நீர் வரைபடம்

கிராம வரைபடத்தையும் புல வரைபடங்களையும், சர்வே எண் வாரியாக நில விவரம் தரும் அ-பதிவேட்டையும் வாங்கி, நீர்நிலைப் புறம்போக்கு என்று பதிவான ஒவ்வொரு வாய்க்காலையும் குளத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு அந்த வரைபடத்தோடு நிலத்தில் நடந்து பாருங்கள். எந்த மடை திறந்தால் எந்த வயலில் நீர் ஏறும், ஐப்பசி, கார்த்திகை மழையில் எந்த இடத்தில் கரையைத் தாண்டும் என்பதைப் மடைகளைத் திறந்து மூடும் பாசனத்துறை ஊழியரான லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர்களும் கடைமடை விவசாயிகளும் சொல்லும் அளவுக்கு எந்தப் பதிவேடும் சொல்லாது. மேலே வடிகாலாக இருப்பது கீழே போனதும் பாசன வாய்க்காலாகிவிடும் படுகை இது என்பதால், ‘வடிகால்தானே’ என்று பொறியாளர் குறைத்து மதிக்கும் ஓடையை நம்பி எத்தனை ஏக்கர் இருக்கிறது என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்து, பாதை எந்தத் திசையில் போகிறது என்று பாருங்கள். வெண்ணாறும் அரசலாறும் ஓடம்போக்கியும் அரிச்சந்திரா நதியும் பெரும்பாலும் கிழக்கு நோக்கிக் கடலுக்குப் போகின்றன. கிழக்கு மேற்காகச் செல்லும் பாதை பல இடங்களில் ஆறுகளுக்கு இடையே ஒதுங்கிச் செல்ல முடியும். தெற்கு வடக்காகச் செல்லும் பாதையோ வழியிலுள்ள எல்லா ஆறுகளையும் அவற்றின் கிளைகளையும் குறுக்கே வெட்டும். அப்படிப்பட்ட பாதைக்கு உயர்ந்த மண்கரை போட்டால் அது ஓர் அணையாகவே நிற்கும். மேற்குப் பக்க வயலில் நீர் தேங்கிப் பயிர் அழுகும். கிழக்குப் பக்கத்துக் குளத்துக்கு நீர் வராது. ஆகவே தாழ்வான பகுதிகளில் மண்கரைக்குப் பதிலாகத் தூண்கள் மேல் செல்லும் பாதையைக் கேளுங்கள். செலவு கூடும் என்பது உண்மைதான். ஆனால் ஆண்டுதோறும் மூழ்கும் வயல்களின் இழப்பை யாரும் அந்தச் செலவுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

மண்கரை தவிர்க்க முடியாத இடங்களில் குழாய்ப் பாலங்களை ஏற்க வேண்டாம். வெங்காயத்தாமரை ஒரே பருவத்தில் அவற்றை அடைத்துவிடும். அகலமான பெட்டிப் பாலங்களையே கேளுங்கள். அவற்றின் தளம் வாய்க்காலின் தரைமட்டத்துக்கு மேலே நிற்காமல் இருந்தால்தான் மீன் ஏறும். ஓரத்தில் நனையாத திட்டு ஒன்று விட்டால் நீர்நாய் தண்டவாளத்தில் ஏறாமல் கீழேயே கடந்துபோகும். ரயில்வே பாலங்கள் பொதுவாக 50 ஆண்டுகளுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தைக் கணக்கிட்டு வடிவமைக்கப்படுகின்றன. அந்தக் கணக்கில் உங்கள் வடிகாலின் நீர்ப்பிடிப்பு முழுமையாகச் சேர்ந்திருக்கிறதா என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். தட வரைபடம், நெடுக்குவெட்டுப் படம், பாலங்களின் பட்டியல் ஆகியவற்றின் நகல்களையும் அதே மனுவில் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும்.

நகருக்குள் வரும்போது

நகரத்தில் ஆற்றங்கரையும் வாய்க்காலும் ‘காலி இடம்’ போலத் தோன்றுவதுதான் பெரிய ஆபத்து. சென்னையில் 1995 முதல் கட்டம் கட்டமாகத் திறக்கப்பட்ட பறக்கும் ரயிலின் தூண்கள் பல இடங்களில் பக்கிங்காம் கால்வாய்க்குள்ளேயே நடப்பட்டன. நிலம் எடுக்கும் சிக்கல் குறைந்தது, கால்வாய் குறுகிப்போனது. திருச்சியின் உய்யக்கொண்டான் வாய்க்காலுக்கும், தஞ்சாவூரில் புது ஆறு என்று அழைக்கப்படும் கல்லணைக் கால்வாய்க்கும் அந்த நிலை வரக் கூடாது. இந்த நீர்வழிகளில் தூண் நிற்கக் கூடாது என்று மாநகராட்சித் தீர்மானமாகவே முன்கூட்டி எழுதி வாங்குங்கள். 2017 ஆம் ஆண்டின் மெட்ரோ ரயில் கொள்கை, மத்திய அரசின் உதவி கேட்கும் நகரம் மாற்று வழிகளை ஒப்பிட்டு ஆராய்ந்திருக்க வேண்டும் என்கிறது. அந்த ஒப்பீட்டில் நீர்நிலைகளும் ஓர் அளவுகோலாக இடம்பெறச் செய்வது நம் பொறுப்பு.

பறவைகளின் எல்லை

பறவைகள் சரணாலயங்களான உதயமார்த்தாண்டபுரமும் வடுவூரும் 2022 இல் ராம்சார் தலங்களாயின, அதாவது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தன. அதனால் சரணாலய எல்லைக்கு வெளியே எதையும் கட்டலாம் என்று ஆகிவிடாது. உதயமார்த்தாண்டபுரத்தில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரை சுற்றியுள்ள வயல்களில்தான் நத்தை தேடுகிறது. எந்தக் குளத்தில் எந்த மாதம் எவை வருகின்றன என்று படத்துடன் பதிவு செய்து, உள்ளாட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு மூலம் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் ஏற்றுங்கள். இந்தப் பதிவு இல்லாவிட்டால், பின்னர் எழும் எந்த வழக்கிலும் ‘இங்கே எதுவும் இல்லை’ என்று எளிதாகச் சொல்லிவிடுவார்கள்.

வேலைக்கான காலம்

மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 இல் திறந்து ஜனவரி 28 இல் மூடப்படுகிறது. வாய்க்காலுக்குள் செய்யும் வேலை பிப்ரவரி முதல் மே வரை முடிய வேண்டும். பறவை ஏரிகளை ஒட்டிய இடங்களில் மட்டும் குஞ்சுகள் பறக்கும்வரை, அதாவது ஏறத்தாழ ஏப்ரல் வரை, பைல் எனப்படும் ஆழ அடித்தளத் தூண்களை இறக்கும் வேலையைத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள்.

ஒப்பந்தத்தில் எழுதி வாங்க வேண்டியவற்றில் மூன்றை விட்டுவிடவே கூடாது. லாரிகள் கடக்க வாய்க்காலில் கொட்டிய தற்காலிக மண்பாதையைத் தண்ணீர் திறக்கும் முன் முழுவதும் அகற்ற வேண்டும். ஒப்பந்தக்காரர் போன பிறகு அதை அகற்ற ஆள் கிடைக்காது. கரைக்கான சவுடு மண்ணை எந்த ஏரியில், எவ்வளவு ஆழம்வரை எடுக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே அறிவிக்க வேண்டும். பைல் துளையிலிருந்து வெளிவரும் பெண்டோனைட் என்ற களிமண் கலந்த சேற்றை ஆற்றில் விடக் கூடாது.

ஆட்சேபம் தெரிவிக்க

நில எடுப்பு 2013 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் என்றால் முதல்நிலை அறிவிக்கை வெளியானதிலிருந்து 60 நாட்களும், சிறப்பு ரயில்வே திட்டமாக 1989 ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் கீழ் என்றால் 30 நாட்களும் ஆட்சேபத்துக்குக் கிடைக்கும். நிலத்தில் உரிமை உள்ளவர்களே இதைச் செய்ய முடியும் என்பதால், மற்றவர்கள் கிராம சபைத் தீர்மானத்தின் வழியாகப் பேச வேண்டும். தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வுக்குப் போக நேர்ந்தால், பிரச்சினை முதலில் எழுந்த நாளிலிருந்து 6 மாதங்களுக்குள் மனு செய்வது நல்லது. ‘வேண்டாம்’ என்று மட்டும் எழுதாமல், எந்தக் கிலோமீட்டரில், எந்தச் சர்வே எண்ணில், எத்தனை மீட்டர் அகலத்துக்குப் பாலம் வேண்டும் என்று வரைபடத்தோடு எழுதுங்கள். பொறியாளர் அதை ஒதுக்கிவிட முடியாது; மறுப்பதானாலும் காரணம் எழுத வேண்டியிருக்கும்.

பாதை திறந்த பின் வரும் முதல் வடகிழக்குப் பருவமழையில் ஒவ்வொரு பாலத்தின் இரு பக்கமும் நீர்மட்டத்தைத் தேதியோடு படமெடுத்து, வேறுபாடு தெரியும் இடங்களை நீர்வளத்துறைக்கும் ரயில்வேக்கும் ஒரே நாளில் எழுத்து மூலம் அனுப்புங்கள். குறைகளைச் சரிசெய்ய ஒப்பந்தக்காரருக்கு விதிக்கப்பட்ட பொறுப்புக் காலம் எப்போது முடிகிறது என்று முன்பே கேட்டு வைத்துக்கொண்டு, அதற்குள் பாலங்களில் நீர் போகும் கூடுதல் கண்களைத் திறக்க வையுங்கள்.