உப்பு வேண்டாம், எவர்சில்வர் ஸ்பூன் வேண்டவே வேண்டாம்

பள்ளிக் கண்காட்சி நெருங்கினால் எங்கள் காட்பாடி வீட்டில் யாராவது மின்னாற்பகுப்பு, அதாவது மின்சாரம் பாய்ச்சித் தண்ணீரை ஹைட்ரஜன், ஆக்சிஜனாகப் பிரிப்பது, செய்ய உட்கார்ந்துவிடுவார்கள். போன வருடம் அண்ணன் மகன். 9 வோல்ட் பேட்டரி, இரண்டு எவர்சில்வர் ஸ்பூன், கிண்ணத்தில் தண்ணீர், அதில் ஒரு கை உப்பு. "சித்தப்பா, எவ்ளோ குமிழ் வருது பாருங்க!" என்றான். வந்தது உண்மைதான். கூடவே பிளீச்சிங் பவுடர் வாடையும் வந்தது. கொஞ்ச நேரத்தில் தண்ணீர் மஞ்சளும் பச்சையுமாகக் கலங்கிவிட்டது.

வாடை உப்பினால். நேர்மின்வாயில், அதாவது பேட்டரியின் + முனையோடு சேர்த்த ஸ்பூனில், ஆக்சிஜன் வர வேண்டிய இடத்தில் உப்பிலுள்ள குளோரைடு குளோரின் வாயுவாகக் கிளம்புகிறது. மூடிய அறையில் மூச்சை அடைக்கும். உப்புக் கரிக்கும் போர் தண்ணீரிலும் கொஞ்சம் இதே கதைதான். கேன் தண்ணீர் வெறுமனே இருந்தால் மின்சாரம் சரியாகப் பாயாது. ஒரு ஸ்பூன் சலவைச் சோடா கரைத்தால் போதும்.

நிறம் ஸ்பூனினால். எவர்சில்வரில் குரோமியம் இருக்கிறது. நேர்மின்வாயில் அது கரைந்து ஆறு இணைதிறன் குரோமியமாக மாறலாம், புற்றுநோய் தரக்கூடியது. நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ராணிப்பேட்டையில் மூடிக் கிடக்கும் குரோமேட் (குரோமிய ரசாயன) ஆலையின் கழிவு, லட்சம் டன்னுக்கு மேல், நிலத்தடி நீரையே மஞ்சளாக்கிய கதை தெரியும். அந்தக் கிண்ணத்தைத்தான் பையன் செம்பருத்திச் செடிக்கு ஊற்றப் போனான்!

ஸ்பூனுக்குப் பதில் இருமுனையும் சீவிய பென்சில் போதும். செம்புக் கம்பி கரைந்துவிடும், அதுவும் வேண்டாம்.

பென்சில் வைத்தால் இன்னொரு குழப்பம் வரும். ஹைட்ரஜன் இரண்டு பங்கு, ஆக்சிஜன் ஒரு பங்கு என்று புத்தகம் சொல்லும். சோதனைக் குழாயில் ஆக்சிஜன், ஹைட்ரஜனில் பாதிக்கும் குறைவாகவே நிற்கும். தப்பில்லை. கொஞ்சம் ஆக்சிஜன் பென்சில் கரியோடு சேர்ந்துவிடுகிறது, கொஞ்சம் தண்ணீரிலேயே கரைகிறது. அளவைத் திருத்தி எழுதாமல், வந்ததை எழுதச் சொல்லுங்கள்.

வீட்டு பிளக்கில் ஒயரைச் சொருகுவது பற்றிப் பேசவே வேண்டாம். 230 வோல்ட், ஆளையே கொன்றுவிடும். அப்புறம், இரண்டு வாயுவையும் ஒரே பாட்டிலில் பிடிக்கக் கூடாது. அந்தக் கலவை பொறி பட்டாலே வெடிக்கும். தீக்குச்சி காட்டுவதென்றால், ஹைட்ரஜன் மட்டும் உள்ள சின்னக் குழாயை எடுத்துத் தள்ளிப் போய்க் காட்ட வேண்டும். 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.