வளவில் ரேப்பியர் பழகுவது எப்படி

ரேப்பியர் என்ற நீண்ட மெல்லிய ஐரோப்பிய வாளை வீட்டு வளவில், அதாவது தூண்கள் சூழ்ந்த உள்முற்றத்தில், பழக ஆசையா? வாள் வாங்குவதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். காரைக்குடியில் நான் ரேப்பியர் பழகுவதைக் கேள்விப்பட்டு வருகிறவர்கள் முதலில் கேட்பதே, "எங்கண்ணே வாங்குனீங்க?" என்றுதான். பழம்பொருள் கடையில் பார்த்த வாளைப் படமெடுத்து வந்து காட்டுவோரும் உண்டு. அது சுவரில் மாட்டுவதற்கு. பிடிக்குள் செருகிய இரும்பு எவ்வளவு மெல்லிசு என்று வெளியே தெரியாது. மோதும்போது அலகு கழன்று பறந்தால் எதிரில் நிற்கிறவர் கதி என்ன?

முதல் செலவு முகமூடிக்கு. ஒலிம்பிக் வாள்வீச்சுக்கு விற்கும் கம்பிவலை முகமூடியே போதும். ஆனால் அது பின்மண்டையைக் காக்காது, அதற்குத் தனி உறை வேண்டும். தொண்டைக் காப்பும் சேர்த்து வாங்குங்கள். இதில் சிக்கனம் பார்க்கிற ஆளோடு நான் பழகுவதில்லை.

அப்புறம் புத்தகம், இத்தாலிய வாள் ஆசான்கள் இருவர் எழுதியது. 1606இல் வெனிஸில் நிக்கோலெத்தோ ஜிகாந்தியும், 1610இல் சியனாவில் ரிடோல்ஃபோ காப்போ ஃபெர்ரோவும் படங்களோடு அச்சிட்ட பாடங்கள் ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஜிகாந்தி எளிது, என் ஓட்டு அவருக்கு.

வாளுக்குப் பதில் ஒரு மீட்டருக்குச் சற்று நீளமான பிரம்பு எடுங்கள். ரேப்பியரின் கனம் பிடிப்பக்கம் இருக்கும், பிரம்பில் அப்படி இல்லை. பிரம்பில் கை பிடிக்கும் இடத்துக்குச் சற்று மேலே பழைய சைக்கிள் டியூபை இறுக்கச் சுற்றிக் கட்டினால் ஓரளவு சரியாகிவிடும்.

இனி கால். நம் ஊர் வீடுகளில் ஒரு வசதி, தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல். கற்கள் சேரும் கோடு ஒன்றைப் பிடித்து, வலது பாதத்தை அதன் மேல் நேராக வையுங்கள். இடது குதிகால் அதே கோட்டில் இருக்க, பாதம் பக்கவாட்டில் திரும்பியிருக்கட்டும். பாரம் பின்காலில். முன்னே இரண்டு கல், பின்னே இரண்டு கல், தலை ஏறி இறங்காமல் போய் வாருங்கள். கோட்டை விட்டு விலகினால் உடனே தெரிந்துவிடும். சாக்ஸ் மட்டும் போடாதீர்கள், அந்தக் கல் வழுக்கும்.

முன்காலை எட்டி வைத்துக் குத்தும் பாய்ச்சல்தான் இந்தக் கலையின் உயிர். வளவுத் தூண்கள் இரண்டுக்கு நடுவே கயிறு கட்டி, நெஞ்சு உயரத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தைத் தொங்கவிடுங்கள். கை முதலில் நீள வேண்டும், உடம்பு சாய வேண்டும், அதற்குப் பிறகே முன்கால் எட்ட வேண்டும். கால் முந்தினால் முனை போய்ச் சேரும் முன்பே உங்கள் நெஞ்சு எதிரியின் எல்லைக்குள் போய்விடும். திரும்பும்போது தலை முதலில் பின்வாங்கும், உடம்பு அதைத் தொடரும், கால் கடைசி. இது ஜிகாந்தியின் பாடம். பழம் ஆடாமல் நிற்கும்போது தொடுவது பெரிய விஷயமில்லை, ஆட்டிவிட்டுத் தொடுங்கள்.

சிலம்பம் தெரிந்த பிள்ளைகள் இங்கே சீக்கிரம் தேறுகிறார்கள். தூரக் கணக்கு அவர்களுக்குக் காலிலேயே இருக்கிறது. ஆனால் கை சும்மா இருக்காது, சுழற்றும். "அண்ணே, இது வீசுறதா குத்துறதா?" என்று ஒருவன் கேட்டான். இரண்டும் உண்டு, முதலில் குத்தப் படி என்றேன்.

ஆள் சேர்ந்ததும் எதிராளியின் வாளைக் கட்டும், அதாவது நம் வாளால் அடக்கி வைக்கும் பயிற்சி. அலகின் பிடிப்பக்கப் பாதி வலுவானது, முனைப்பக்கப் பாதி பலவீனமானது. உங்கள் வலுவை எதிராளியின் பலவீனத்தின் மேல் நிறுத்தி, அவர் முனையை உங்கள் உடம்புக்கு வெளியே தள்ளி வைத்துக்கொண்டுதான் பாய வேண்டும். தட்டிவிட்டுப் பாய்வது வேறு, கட்டிக்கொண்டே பாய்வது வேறு. இதற்கு மாதக்கணக்கில் ஆகும், ஆகட்டும்.

இவ்வளவும் கைக்கு வந்த பிறகு, மழுங்கிய விளிம்பும் ரப்பர் முனையும் உள்ள பயிற்சி ரேப்பியர் வாங்குங்கள். எடை ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கூட இருக்கும். பஞ்சு வைத்த சட்டையோடு சித்திரை வெயிலில் மதியம் ஆடாதீர்கள், விடிகாலைதான் சரி. வியர்வைக் கை பட்ட அலகை அன்றைக்கே துடைத்து, தையல் மிஷின் எண்ணெய் பூசிவிடுங்கள்.